பிறர் கைகளில் ஒரு நாள்

குளிக்க ஒருவர் வர வேண்டும். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒருவர் தூக்க வேண்டும். சோறு ஊட்ட, டயப்பர் மாற்ற, வாசல்வரை கூட்டிப்போக, சொன்னது புரியாதபோது பொறுமையாக மறுபடி சொல்ல ஒருவர் வேண்டும். இப்படிப் பிறர் கைகளின் வழியாகவே தன் நாளை நடத்துகிற மனிதரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது சிறிய காரியம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் அந்தக் கைகளுக்கு உரியவராக இருப்பார், அல்லது அவருக்குச் சம்பளம் கொடுப்பவராக இருப்பார். பதில் சொல்கிறவர் நாளைக் காலையிலும் அதே கைகளில்தான் குளிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். சமையலறை, கழிப்பறை, சாய்தளம், தீயணைப்புக் கருவி, மருந்து அலமாரி, பணியாளர் வருகைப் பதிவேடு. கடைசியில் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரிடம், "என்னம்மா, சாப்பாடெல்லாம் நல்லாப் போடறாங்களா?" என்று ஒரு கேள்வி. "நல்லாப் போடறாங்க சார்." வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறிவிடுகிறது.

சுவரையும் கூரையையும் பார்ப்பது வீண் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்ப முடியாமல் இறந்தார்கள். அந்தச் சங்கிலியை அவர்களின் பாதுகாப்புக்காகத்தான் போட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. ஆகவே கதவும் கூரையும் முதலில் சரியாக இருக்கட்டும். ஆனால் நல்ல கூரையின் கீழ், வயிறு நிறைந்த நிலையில், சுத்தமான படுக்கையில் ஒருவருடைய இருபது ஆண்டுகள் ஒன்றுமே நடக்காமல் கழிந்துபோக முடியும். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இதை அளக்க முடியுமா என்ற கேள்வியை உலகம் கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்துக்கான கேள்வித்தாளை உருவாக்கியபோது, பல நாட்டு மையங்களோடு சென்னையும் தில்லியும் அதில் பங்கேற்றன. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தன் இலக்குகளையும் கவலைகளையும் வைத்துத் தன் வாழ்க்கையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஷாலக், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்து எட்டுப் பகுதிகளை வகுத்தார். மனநலம், உறவுகள், பொருள்வசதி, தன் வளர்ச்சி, உடல்நலம், தன் முடிவைத் தானே எடுத்தல், சமூகத்தில் கலந்திருத்தல், உரிமைகள். இந்த எட்டில் உணவும் உறைவிடமும் ஒன்றிரண்டு பகுதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஆய்வுகள் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டோடு வீடு திரும்பிவிடுகின்றன.

எட்டுப் பகுதிகளையும் எழுதிக் கேள்வித்தாள் அச்சடித்துவிட்டால் போதுமா? 1981இல் கேரல் சிகல்மன் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று அந்த நம்பிக்கையை அசைத்தது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளிடம் ஒரே பொருளை நேர்மாறான இரண்டு கேள்விகளாகக் கேட்டுப் பார்த்தார்கள். "பெரும்பாலும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்றதற்கு ஆமாம். கொஞ்சம் கழித்து, "பெரும்பாலும் வருத்தமாக இருக்கிறீர்களா?" என்றதற்கும் ஆமாம். பலர் அப்படித்தான் பதிலளித்தார்கள். இதை அவர்களுடைய அறிவின் குறை என்று எடுத்துக்கொள்வது எளிது. நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். பிறந்ததிலிருந்து "இல்லை" என்று சொன்னதற்காகத் திட்டு வாங்கியவர், "சரி" என்றபோதெல்லாம் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர், கேள்வியோடு ஒரு புதிய முகம் வந்து நிற்கும்போது எதைச் சொல்வார்? அது நாம் வருடக்கணக்கில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பதில்.

இங்கிலாந்தில் மார்க் ராப்லியும் சார்ல்ஸ் ஆன்டகியும் 1990களில் செய்தது இன்னும் கூர்மையான வேலை. வாழ்க்கைத் தர நேர்காணல்களை ஒலிநாடாவில் பதிவுசெய்து, கேட்டவர் என்ன சொன்னார், எங்கே நிறுத்தினார், கேள்வியை எப்படி மாற்றினார் என்று வரி வரியாக ஆராய்ந்தார்கள். தாளில் இருந்த கேள்வி ஒன்று. வாயிலிருந்து வந்த கேள்வி வேறொன்று. பதிலளிப்பவர் தயங்கினாலோ, சோகமான பதிலைச் சொன்னாலோ கேட்பவர் அதை ஒரு சிக்கலாக எடுத்துக்கொண்டு, கேள்வியை இன்னும் இலேசாக்கி, நல்ல பதில் வரும்படி திரும்பக் கேட்டார். நண்பர்களைப் பற்றிய கேள்வி, இவருக்கு இவ்வளவுதான் இருக்க முடியும் என்று கேட்பவர் மனத்தில் வைத்திருந்த அளவுக்குக் கீழே இறங்கியது. எல்லாம் அன்பினால் நடந்தவை. எதிரில் இருப்பவர் வருந்தக் கூடாது என்ற நல்ல மனத்தால் நடந்தவை. ஆனால் அட்டவணையில் மதிப்பெண் உயர்ந்தது. அந்த மதிப்பெண்ணைப் பார்த்து இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு அலுவலகம் முடிவுசெய்திருக்கும். அன்பு இப்படியும் ஒருவரின் வாயை மூடக்கூடும் என்பது எனக்கு அந்த ஆய்வுகளில் மிகக் கனமாகப் பட்ட இடம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் எந்தச் சிகிச்சைக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க ஒரு பட்டியல் தயாரித்தது. எந்த உடல்நிலையோடு வாழ்வது எவ்வளவு மோசம் என்று பொதுமக்களைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் கொடுத்த மதிப்பெண்களை அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். பதில் சொன்னவர்களில் பலர் அந்த நிலைகளில் ஒரு நாளும் வாழாதவர்கள். 1992 ஆகஸ்டில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. இயலாமையோடு வாழ்பவரின் உயிருக்கு மற்றவர்கள் தங்கள் அச்சத்தை வைத்து விலை குறிப்பது 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணாகும் என்பது காரணம். திருத்திய பிறகே, அடுத்த ஆண்டு, அனுமதி கிடைத்தது.

அந்த அச்சம் எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு 1994இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்களிடம், தண்டுவடம் சிதைந்து உடல் செயலிழந்துபோனால் உயிரோடு இருப்பதற்காக மகிழ்வீர்களா என்று கேட்டார்கள். மகிழ்வோம் என்றவர்கள் 18 சதவீதம். உண்மையிலேயே தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 92 சதவீதம். உயிர் காக்கும் மேசையில் குனிந்து நிற்பவர்களின் மனத்தில் இருக்கும் இந்த இடைவெளியை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. "இப்படி இருக்கறதுக்கு..." என்று வாக்கியத்தை முடிக்காமல் விடும் நம் ஊர் உறவினர்களும் அந்த 18க்கு வெளியே நிற்பவர்கள்தான். படுக்கையில் இருப்பவர் காதில் அது விழுகிறது.

அப்படியானால் உள்ளே இருப்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் வழக்கு முடிந்துவிடுமா? 1944இல், வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். வங்காளத்து விதவைகள் அன்று எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்த எவரும் அவர்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று நம்ப மாட்டார்கள். அமர்த்தியா சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டிச் சொன்னது, குறைவாகவே கிடைத்துப் பழகியவர்கள் குறைவாகவே கேட்கப் பழகிவிடுகிறார்கள் என்பதைத்தான். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் கம்மின்ஸ் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். திருப்தியை நூறுக்கு எவ்வளவு என்று கேட்டால் அந்நாட்டு மக்களின் சராசரி எப்போதும் 75ஐ ஒட்டியே நிற்கிறது. மனம் தன்னைத் தானே ஒரு மட்டத்தில் நிலைநிறுத்திக்கொள்கிறது. சூழல் கெட்டாலும் அது உடனே இறங்கிக் காட்டுவதில்லை.

இரண்டும் உண்மையாக இருக்க, எதை எடுத்துக்கொள்வது? இவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று நான் கருதுகிறேன். என் உயிர் வாழத் தகுந்ததா என்பது ஒன்று. எனக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்களா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் அந்த மனிதரின் சொல்லே முடிவு. மருத்துவரோ பெற்றவரோ அரசோ அதன்மேல் ஒரு சொல் சேர்க்க உரிமையற்றவர்கள். இரண்டாவது கேள்வியில் அவருடைய திருப்தியை நாம் நமக்குரிய விடுதலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து ஆண்டுகள் வெளியே அழைத்துப்போகாமல் வைத்திருந்த ஒருவர் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றால், அது அவருடைய மனத்தின் பெருமை. அந்தப் பத்து ஆண்டுகளுக்கான கணக்கு அப்படியே நம் பக்கத்தில் நிற்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் இரக்கமும், மறுபக்கம் அலட்சியமும் ஒரே மனிதர்மேல் ஒரே நாளில் விழுகின்றன.

எனவே சேவையை அளக்க விரும்புகிறவர் திருப்தியைக் கேட்பதோடு நிற்காமல் நடப்பைக் கேட்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் 1997 முதல் சேர்ந்து நடத்திவரும் ஒரு கணக்கெடுப்பில் இருக்கும் கேள்விகள் எனக்கு மிகவும் மதிப்புள்ளவையாகத் தோன்றுகின்றன. உங்கள் அறைக்குள் வருமுன் உங்களைக் கேட்கிறார்களா? உங்களுக்கு வரும் கடிதத்தை உங்களைக் கேட்காமல் பிரிக்கிறார்களா? பார்க்க வந்தவரோடு தனியாக இருக்க முடிகிறதா? இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது யார், கூட இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? இவற்றுக்கு "நல்லா இருக்கு சார்" என்று பதில் சொல்ல முடியாது. நம் ஊருக்கு ஏற்ப இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். மாத உதவித்தொகை யார் கையில் இருக்கிறது, அதில் நீங்கள் நினைத்ததை வாங்கினீர்களா? கடைசியாகக் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ போனது எப்போது? உங்களைக் குளிப்பாட்டுபவர் ஆணா பெண்ணா, அதை முடிவுசெய்தது யார்? இரவில் எத்தனை மணிக்குப் படுக்கவைக்கிறார்கள்? அந்த நேரம் உங்கள் தூக்கத்துக்கு உரியதா, ஆயாவின் ஷிஃப்ட்டுக்கு உரியதா?

பேச்சில்லாதவர்களை எப்படி அளப்பது என்று உடனே கேட்பார்கள். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜிம் மான்செல் போன்றோர் இதற்கு ஒரு வழியை நெடுங்காலம் பின்பற்றினார்கள். வீட்டுக்குள் ஓரமாக உட்கார்ந்து, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு குறிப்பு எடுப்பது: இந்த நொடியில் இவர் எதிலாவது ஈடுபட்டிருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா, பணியாளர் இவரிடம் பேசினாரா, எதையாவது செய்ய உதவினாரா? பெரிய நிறுவனங்களில் நாளின் பெரும்பகுதி வெறுமையாகக் கழிவது அதில் எண்களாகத் தெரிந்தது. சிறிய வீடுகளுக்கு மாறியபோது நிலைமை பொதுவாக மேம்பட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு பெரிய வேறுபாடு. பணியாளர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானித்தது. காய்கறியை நறுக்கிச் சமைத்துக் கொண்டுவந்து ஊட்டுபவர் ஒரு வகை. கைமேல் கை வைத்து அந்த நறுக்கலிலேயே அவரையும் சேர்த்துக்கொள்பவர் மற்றொரு வகை. வேலை மெதுவாகும், தரையில் சிந்தும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவருடையது.

சமையலறையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சேவைகளை நம் நாட்டில் பெரும்பாலும் தருவது நிறுவனங்கள் இல்லை, வீடுகள், வீடுகளிலும் அம்மாக்கள். மகனுக்கு நாற்பது வயதாகும்வரை தூக்கித் தூக்கி முதுகு உடைந்த அம்மாவிடம் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன் தலைகுனிய வேண்டும். "எனக்குப் பிறகு இவனை யார் பாப்பாங்க?" என்ற அவருடைய ஒரே கேள்விக்கு இந்தச் சமூகம் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை. அந்தப் பயம்தான் பல பிள்ளைகளைக் காப்பகத்தின் கதவுவரை கொண்டுபோகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பென்ஹர்ஸ்ட் என்ற பெரிய காப்பகம் இருந்தது. அங்கிருந்த நிலைமையை 1968இல் தொலைக்காட்சி வெளியே கொண்டுவந்தது, 1977இல் நீதிமன்றம் அது உரிமைமீறல் என்று தீர்ப்பளித்தது, 1987இல் அது மூடப்பட்டது. இடையில் ஜேம்ஸ் கான்ராயும் வலேரி பிராட்லியும் வெளியேறியவர்களை ஆண்டுதோறும் தேடிச் சென்று அவர்களின் வாழ்க்கையை அளந்தார்கள். ஊருக்குள் சிறிய வீடுகளுக்கு மாறியவர்கள் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்வதில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். தொடக்கத்தில் இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. சில ஆண்டுகளில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இதுவே நல்லது என்றார்கள். அந்தப் பெற்றோர்களை நான் குறை சொல்லத் துணிய மாட்டேன். நிரந்தரம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னதையே பிள்ளைகளின் சொல்லாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அவனுக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்று சொல்லிவிட்டு நாமே பதில் சொல்வது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். மருத்துவரும் அவனைப் பார்க்காமல் நம்மைப் பார்த்தே பேசுகிறார். இதை நிறுத்துவதற்கு அரசாணை தேவையில்லை. கேள்வியை அவனிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சிலருக்கு அது அரை நிமிடம், சிலருக்கு அதைவிடக் கூடுதல். இவர் சம்மதத்தை எப்படிக் காட்டுவார், மறுப்பை எப்படிக் காட்டுவார், வலித்தால் முகம் எப்படி மாறும் என்று அறிந்தவர்கள் அதை எழுதி வைக்க வேண்டும். அம்மா போன பிறகு வருகிற புதியவருக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும். பிறர் சொன்ன பதிலை ஆய்வில் சேர்த்தால் அது பிறர் சொன்னது என்றே குறிக்கப்பட வேண்டும்.

இது பணக்கார நாடுகளின் விஷயம் என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1993இல் வீடற்ற, மனநோயோடு வாழ்ந்த பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு, காப்பகத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிட்டவர்கள் சிலருக்குப் பின்னாளில் வேறொரு வழியைத் திறந்தது. சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேராகச் சேர்ந்து குடியிருக்க வைத்து, துணைக்குப் பணியாளர்களை அமர்த்தினார்கள். திரும்பிப்போக வீடே இல்லை என்று முடிவுகட்டப்பட்டவர்கள் அவர்கள். காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இப்படி வெளியேறியவர்கள் ஊரோடு கலந்து வாழ்வது கூடியிருந்தது. கடைக்குப் போவது, அக்கம்பக்கத்தில் பேசுவது, என்ன சமைப்பது என்று தாங்களே முடிவுசெய்வது ஆகியவற்றை எந்தக் கட்டடமும் தந்துவிடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், சமூகத்தில் வாழும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்றும், இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு நேராதிருக்க அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டத்தின் பயன்களை அடைய நாம் முதலில் கேட்பது 40 சதவீதச் சான்றிதழை. உடலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கணக்கிட மருத்துவக் குழு இருக்கிறது, படிவம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. 5ஆம் பிரிவு அந்த மனிதரின் வாழ்க்கையில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்பதைக் கணக்கிடவும் அதே அளவு முனைப்பு வேண்டும்.

அதை யார் செய்வது? அமெரிக்காவின் மேரிலாந்தில் இந்தச் சேவைகளைப் பெறும் மாற்றுத்திறனாளிகளுக்கே பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, சேவை பெறும் மற்றவர்களிடம் அவர்களே போய்க் கேட்கும் முறை நடந்திருக்கிறது. எதிரில் இருப்பவரும் தன்னைப் போன்றவர் என்றால் "இல்லை" என்ற சொல் வெளியே வருவதற்கு வழி பிறக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்போர் ஏராளம். வார்டனும் பெற்றோரும் அறைக்கு வெளியே இருக்கட்டும். சொன்னவர் யார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாமல் காக்கப்படட்டும். முடிவுகள் இல்லம் இல்லமாக, குடும்பங்கள் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்படட்டும். "எனக்கு இங்க இருக்கப் பிடிக்கல" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை நாளுக்குள் யார் அவரைத் திரும்பி வந்து பார்ப்பார், வேறு என்ன இடத்தை அவருக்குக் காட்டுவார் என்பது கேள்வித்தாளை அச்சடிக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு செய்யாமல் அவரிடம் போய்க் கேட்க நமக்கு உரிமை கிடையாது.